முதலில் ஃபேக்டர், பிறகு மற்றதெல்லாம்: ஹீமோபிலியா உள்ள வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். என்னை மடியில் வைத்திருந்தவர் சின்ன மாமா. பெரிய மாமா அதற்குப் பல வருடம் முன்பே, 17 வயதில், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். குத்திய என் காதில் மூன்று நாள் ரத்தம் கசிந்தது. ஆசாரிக்குக் கைராசி இல்லை என்று பேசிக்கொண்டார்களே தவிர, மாமாவின் பல்லையும் என் காதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ என்று தெரியவந்தபோது வயது 6. இன்று 45. இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது.

புதிதாக நோய் தெரியவந்த பிள்ளைகளின் வீட்டாரோடு பல வருடமாகப் பேசிவருகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்தளவைத் தீர்மானிப்பது உங்கள் ரத்தவியல் மருத்துவர்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு அழும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். அந்த நேரத்துக்காக எழுதியது இது.

நோயை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ரத்தம் உறைவதற்கு உடம்பில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றுக்குப் பெயர் ஃபேக்டர், குறைந்ததை ஈடுகட்ட ஊசியாகப் போடும் மருந்துக்கும் அதே பெயர்தான். அவற்றில் எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி. சினிமாவில் காட்டுவதுபோல் சின்னக் கீறலில் ரத்தம் பீறிட்டு யாரும் சாவதில்லை. ரத்தம் மற்றவர்களுக்கு வருகிற வேகத்தில்தான் வரும், நிற்கத்தான் மாட்டேன் என்கும். வெளிக்காயம் சமாளிக்கக்கூடியது. எங்களை முடக்குவது உள்ளே, மூட்டுக்குள் கசியும் ரத்தம். முழங்கால், கணுக்கால், முழங்கை மூன்றும்தான் அதற்குப் பிடித்த இடங்கள்.

படி 1: எப்போது சந்தேகப்படுவது

பிள்ளை தவழ ஆரம்பிக்கும்போதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம் தெரியும். முட்டியிலும் நெஞ்சிலும் நீலநீலமாகக் கன்றிப்போகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் விரல் பதிந்த இடம் கருக்கும். தடுப்பூசி போட்ட தொடை எலுமிச்சை அளவுக்குக் கட்டிக்கொள்ளும். விழுந்து நாக்கையோ உதட்டின் உள்பக்கத்தையோ கடித்துக்கொண்டால் ஒரு நாள் முழுக்க ரத்தம் கசியும். முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத் செய்யும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அம்மா வழியில் ஆண்கள் யாருக்காவது இப்படி இருந்ததா? தாய்மாமன், அம்மாவின் தாய்மாமன், பெரியம்மா சித்தி மகன்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். "சின்ன வயசிலேயே கால் வீங்கி நொண்டியாயிட்டான்", "ரத்தங்கக்கிச் செத்தான்" என்று பாட்டிகள் சொல்லும் கதைகளைத் தள்ளாமல் கேளுங்கள். யாருக்கும் இல்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகத்தான் வருகிறது.

படி 2: சரியான பரிசோதனை

பல் பிடுங்குவதற்கும் சிறு அறுவைக்கும் முன்னால் நம் ஊரில் ப்ளீடிங் டைம், க்ளாட்டிங் டைம் என்று இரண்டைப் பார்ப்பார்கள். ஹீமோபிலியாவில் ப்ளீடிங் டைம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லேசான வகையில் க்ளாட்டிங் டைமும் சரியாக வந்து ஏமாற்றிவிடும். "டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்ற சீட்டோடு அறுவைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பார்க்க வேண்டியது ஏ.பி.டி.டி. என்ற உறைதல் நேரச் சோதனை. அது நீண்டிருந்து, புரோத்ராம்பின் டைம் என்ற இன்னொரு உறைதல் சோதனையும் தட்டணுவும் சரியாக இருந்தால் அடுத்து ஃபேக்டர் அளவுச் சோதனை. எட்டும் ஒன்பதும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் லேசான வகையில் ஏ.பி.டி.டி.யும் சரியாகவே வரும். அதனால் குடும்பத்தில் நோய் இருந்தால் நேராக ஃபேக்டர் அளவையே பார்த்துவிடுவது நல்லது. எட்டாவது ஃபேக்டர் குறைவாக வந்தால் அது வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு ரத்தக்கசிவு நோயா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதிலும் எட்டு குறையும், சிகிச்சை வேறு.

ஃபேக்டர் அளவு நார்மலில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையானது. 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசானது. கடுமையான வகையில் அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். லேசான வகைக்காரருக்கு அறுவை, விபத்து, பல் பிடுங்கல் வரும்வரை ஒன்றும் தெரியாது. ஆபத்து அந்த அலட்சியத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று கழுத்திலோ தொடை இடுக்கிலோ ஊசி குத்தி ரத்தம் எடுக்க விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டினால் வெளியே தெரியாது. கையில் மெல்லிய ஊசியால் எடுத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

படி 3: பதிவு, அட்டை, நோட்டு

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியாக ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. நோய் உறுதியான வாரத்திலேயே உங்களுக்கு அருகில் உள்ளதில் பதிவு செய்துகொள்ளுங்கள். ரத்தக்கசிவு வந்த ராத்திரியில் முதல்முறையாகப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் நிலை வரக்கூடாது. பதிவு செய்யப் போகும்போது மூன்று விஷயம் கேட்டு வையுங்கள்: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஃபேக்டர் எந்த அறையில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும், இருப்பு தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது.

சாவி என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு 19 வயதில் பஸ் திடீர் பிரேக் போட்டுக் கம்பியில் தலை இடித்தது. போன மருத்துவமனையில் ஃபேக்டர் இருந்தது. ஆனால் ஸ்டோர் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அதற்குள் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி வரிசையில் உட்கார வைத்தார்கள். இரண்டே கால் மணி நேரம். மண்டைக்குள் ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

இன்னொரு இடம் ஹீமோபிலியா சொசைட்டி. இந்தியாவில் ஹீமோபிலியா ஃபெடரேஷன் 1983-ல் தொடங்கியது. சென்னை உட்படத் தமிழ்நாட்டின் பல நகரங்களில் அதன் கிளைகள் உண்டு. மருந்து இருப்பு பற்றிய தகவல் அங்கே கிடைக்கும். அதைவிடப் பெரியது, உங்கள் பிள்ளை வயதில் பிள்ளை வைத்திருக்கும் இன்னொரு அம்மாவின் போன் நம்பர் கிடைக்கும்.

பிள்ளையின் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கட்டும். அதில் பெயர், நோயின் வகை, அளவு, ரத்த வகை, எடை, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருள்) உண்டா இல்லையா, பார்க்கும் மருத்துவர், வீட்டு எண். வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். என்றைக்கு, எந்த மூட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு மருந்து ஏறியது, எத்தனை யூனிட் என்று எழுதி, வயல் (மருந்துப் புட்டி) மேல் உள்ள பேட்ச் ஸ்டிக்கரை உரித்து ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறை தானாகக் கசிந்திருந்தால் அதை டார்கெட் ஜாயின்ட் என்பார்கள். சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதற்கு அது அறிகுறி. நோட்டு இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாது.

படி 4: ரத்தக்கசிவு தொடங்கியதும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மூட்டு வீங்கிய பிறகுதான் ப்ளீட் என்று நினைக்காதீர்கள். அதற்கு வெகுநேரம் முன்பே உள்ளே தெரிந்துவிடும். எனக்குக் கணுக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு வரும், பிறகு லேசான சூடு, பிறகு மடக்கினால் ஒரு இறுக்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பேசத் தெரியாத குழந்தை அந்தக் கையை மட்டும் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்ளும், ஒரு காலை ஊன்ற மறுக்கும். நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தவழ்ந்தால் குறும்பு என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் குறுகுறுப்பிலேயே ஃபேக்டர் போட வேண்டும். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். அப்போது போட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு டோஸில் அடங்கிவிடும். "விடிஞ்சதும் போகலாம்" என்று விட்டால் அதே மூட்டுக்கு நாலு டோஸ் ஆகும், பத்து நாள் படுக்கை, குருத்தெலும்பில் கொஞ்சம் அரிப்பு. என் இடது முழங்கால் அப்படி விடிந்த காலைகளால் ஆனது. சந்தேகமாக இருந்தால்? போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் ஒரு டோஸ் போனால் ஒரு வயல் நஷ்டம், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. எட்டாவது ஃபேக்டரில் கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும். ஒன்பதாவதில் கிலோவுக்கு 1 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான். எத்தனை சதவீதம் வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். 24 கிலோ பையனுக்கு முழங்காலுக்காக 40 சதவீதம் என்றால், ஏ வகையில் 24-ஐ 40-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க 480 யூனிட், அதாவது ஒரு 500 வயல். பி வகையில் 960, அதாவது ஒரு 1000 வயல். வயலைத் திறந்த பிறகு மிச்சம் பிடித்து வைக்க முடியாது, முழுதாகப் போட்டுவிடுவதுதான் வழக்கம். எட்டாவது ஃபேக்டர் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஒன்பதாவது 18 முதல் 24 மணி நேரம் தாங்கும். அடுத்த டோஸ் எப்போது என்பது இதை வைத்துத்தான். அண்மைக்கால நீடித்த வகை ஃபேக்டர்களுக்குக் கணக்கு வேறு.

வீட்டிலேயே போடக் கற்றுக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்கு விடுதலை. மருத்துவமனை நர்ஸிடம் நாலைந்து முறை பழகி, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். ஃபேக்டரை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் கூடாது, கதவிலும் வேண்டாம். எடுத்ததும் உடனே கலக்காமல் உள்ளங்கையில் வைத்திருந்து குளிர் போக விடுங்கள். கை கழுவி, வயலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, கூட வரும் தண்ணீரைப் பொடி மேல் பீச்சாமல் கண்ணாடிச் சுவர் வழியாக இறக்குங்கள். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மருந்துப் புட்டியை மெதுவாகச் சுழற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் பொடி கரைந்துவிடும். பொடி மிதந்தாலோ கலங்கலாக இருந்தாலோ போடாதீர்கள். வடிகட்டி ஊசி வழியாக சிரிஞ்சில் ஏற்றி, புறங்கை நரம்பில் பட்டர்ஃப்ளை ஊசி குத்தி, குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்த பிறகு மெல்லச் செலுத்துங்கள். பிறகு ஐந்து நிமிடம் அழுத்தம். குத்திய ஊசியைக் குப்பையில் போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுங்கள்.

முதல்முறை மகன் கையில் குத்தும்போது அப்பாக்களின் கைதான் நடுங்கும். பையன்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் தாங்களே குத்திக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

ஃபேக்டர் ஏறிய பிறகு மற்றது. மூட்டை அசையாமல் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், நாலைந்து மணி நேர இடைவெளியில். லேசாக கிரேப் கட்டு. காலை ஊன்ற விடாதீர்கள். இவை ஃபேக்டருக்குத் துணை, பதில் அல்ல. ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது விடிந்ததும் போகலாம் என்பதன் தம்பி.

ஃபேக்டரே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஏ வகைக்கு ரத்த வங்கியில் கிடைக்கும் க்ரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது) உதவும். அதில் ஒன்பதாவது ஃபேக்டர் இல்லை, ஆகவே பி வகைக்குப் பயன்படாது. பி-க்கு பிளாஸ்மாதான் வழி. இரண்டிலும் நோய்த்தொற்று ஆபத்து சிறிதளவு உண்டு. 1980-களில் உலகம் முழுக்க ஃபேக்டர் வழியாக எச்.ஐ.வி. பரவி எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. இன்றைய ஃபேக்டரில் வைரஸ் அழிப்பு முறைகள் உண்டு, அதனால்தான் க்ரையோ இரண்டாம்பட்சம்.

வாய், பல், மூக்கு ரத்தத்துக்கு ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை நல்ல துணை. மருத்துவர் சொன்ன அளவில் விழுங்கவும் செய்யலாம், தண்ணீரில் கரைத்து வாயில் வைத்துக் கொப்பளிக்கவும் செய்யலாம். சிறுநீரில் ரத்தம் போகும்போது மட்டும் அதைத் தொடக்கூடாது. உள்ளே கட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது நிறையத் தண்ணீர் குடித்துப் படுத்திருந்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 5: ஓட வேண்டிய நேரங்கள்

தலையில் அடி. கழுத்து, தொண்டை, நாக்கின் அடிப்பகுதி வீக்கம். ரத்த வாந்தி, கறுத்த மலம். இவற்றில் எதுவானாலும் வீட்டில் ஃபேக்டர் இருந்தால் போட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் 108. ஏ வகையில் தலைக்கு 80 முதல் 100 சதவீதம் வரை ஏற்றச் சொல்வார்கள். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்து அறிகுறி காட்ட ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளும்.

டியூட்டி டாக்டர் இளம் வயதுக்காரராக இருப்பார், ஹீமோபிலியா நோயாளியை முதல்முறையாகப் பார்ப்பவராகவும் இருக்கலாம். அவரிடம் பதறாமல், தெளிவாக, இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "டாக்டர், பையனுக்கு ஹீமோபிலியா ஏ, சிவியர். 24 கிலோ. தலையில அடி. முதல்ல ஃபேக்டர் போட்டுருங்க, அப்புறம் ஸ்கேன் எடுத்துக்கலாம்." அட்டையை அவர் கையில் கொடுங்கள். எங்கள் நோய்க்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வரிசை இதுதான். ஸ்கேனில் ரத்தம் தெரியும்வரை காத்திருப்பது வீட்டில் தீ தெரியும்வரை தண்ணீர் எடுக்காமல் இருப்பது.

பலருக்குத் தெரியாத ஒன்று இடுப்பின் உள்தசையில் வரும் கசிவு. பையன் முன்பக்கம் கூனி, ஒரு காலை மடக்கியபடி நடப்பான். நேராக நிமிர்த்தினால் அலறுவான். அடிவயிறு வலி என்பான். வலப்பக்கம் வந்தால் குடல்வால் என்று நினைத்து அறுவைக்கு எழுதிவிடுவார்கள். தொடையில் மரத்துப்போன உணர்வும் இருக்கும். லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கக்கூடிய இடம் அது. ஃபேக்டர் போட்டு, அசையாமல் படுக்க வைத்து, பிறகு அல்ட்ராசவுண்ட். முன்கையிலோ கெண்டைக்காலிலோ வீக்கம் வந்து விரல் மரத்தாலும் குளிர்ந்தாலும் அதுவும் இதே அவசரம்.

படி 6: செய்யக்கூடாதவை

மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குவது எங்கள் வீடுகளில் நிற்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் தட்டணுவைக் கெடுத்து ரத்தக்கசிவைக் கூட்டும். காம்பிஃப்லாம் போன்ற கூட்டு மாத்திரைகளுக்குள் இவை ஒளிந்திருக்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும்.

இடுப்பிலும் புஜத்திலும் தசைக்குள் போடும் ஊசி கூடாது. அதற்காகத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். எல்லாத் தடுப்பூசியும் வேண்டும், கல்லீரல் அழற்சி ஏ, பி இரண்டும் கட்டாயம். இயன்றவற்றைத் தோலுக்கடியில், மற்றவற்றை மிக மெல்லிய ஊசியால் போட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும்.

சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு உருவுவது, வீக்கத்துக்குச் சூடான ஒத்தடம், இறுக்கிப் பட்டை வைத்துக் கட்டும் கட்டு எதுவும் வேண்டாம். எங்கள் பாட்டி பாசத்தோடுதான் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வீங்கியது. வீக்கத்தைக் கத்தியால் கீறவோ ஊசியால் ரத்தத்தை உறிஞ்சவோ யாராவது புறப்பட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பல் பிடுங்கல், சுன்னத், காது குத்து, மச்சம் எடுத்தல் எதற்கும் முன்னால் ரத்தவியல் மருத்துவரிடம் திட்டம் வாங்குங்கள். ஃபேக்டர் பாதுகாப்போடு இவை எல்லாமே செய்யக்கூடியவைதான். தினமும் இரண்டு வேளை பல் துலக்கினால் இந்தப் பிரச்சினையில் பாதி வராது.

படி 7: வருமுன் காப்பது

கசிந்த பிறகு போடுவதைவிட, கசியாமலே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஃபேக்டர் போட்டு வருவது மூட்டைக் காப்பாற்றும். இதற்குப் பெயர் ப்ரோஃபிலாக்சிஸ். நம்மைப் போன்ற நாடுகளில் கிலோவுக்கு 10 முதல் 15 யூனிட் என்ற குறைந்த அளவில் போட்டாலே ரத்தக்கசிவு பெருமளவு குறைகிறது. பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள், மூட்டு கெடுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும். "எங்க பையனுக்கு எப்போ ப்ரோஃபிலாக்சிஸ் ஆரம்பிப்பீங்க" என்று நீங்களே கேளுங்கள். கேட்ட வீட்டுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

ஏ வகைக்கு மட்டும் இப்போது எமிசிசுமாப் உண்டு. எட்டாவது ஃபேக்டர் செய்யும் இணைப்பு வேலையை அது செய்கிறது. நரம்பில் அல்ல, தோலுக்கடியில்தான் ஊசி. முதல் நாலு வாரம் வாரம் ஒருமுறை, பிறகு வாரம் ஒன்றாகவோ இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவோ நாலு வாரத்துக்கு ஒன்றாகவோ. நரம்பு கிடைக்காத குழந்தைகளின் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அடிபட்டாலோ அறுவை என்றாலோ ஃபேக்டர் அப்போதும் தேவைப்படும். இந்த மருந்தில் இருக்கும்போது ஏ.பி.டி.டி. பொய்யாக நார்மல் காட்டும், அதைப் பார்த்து "பையனுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொல்லக்கூடும். ஃபெய்பா என்ற மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கட்டி ஆபத்து, அதனால் அட்டையில் எமிசிசுமாப் என்று பெரிதாக எழுதுங்கள்.

ஃபெய்பா எதற்கு என்றால், இன்ஹிபிட்டர் வந்தவர்களுக்கு. உடம்பு ஃபேக்டரை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். கடுமையான ஏ வகையில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் முதல் 20 முறை போடுவதற்குள் வருகிறது. வழக்கமான டோஸ் கேட்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான். உடனே இன்ஹிபிட்டர் சோதனை. வந்துவிட்டால் ஃபெய்பா, ஏழாவது ஃபேக்டர் என்று வேறு வழிகள் உண்டு. பி வகையில் இன்ஹிபிட்டர் அபூர்வம், ஆனால் கடும் ஒவ்வாமையோடு வரக்கூடும். அதனால் பி வகைக் குழந்தையின் முதல் இருபது டோஸாவது மருத்துவமனையிலேயே நடக்கட்டும்.

ஜீன் சிகிச்சை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஏ வகையினர் ஐந்து பேருக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லிலேயே எட்டாவது ஃபேக்டர் ஜீனை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, பிறகு அவர்களில் யாருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. அது ஆராய்ச்சி நிலையில் உள்ள சிகிச்சை, அதற்கு முன் கீமோவும் உண்டு. உங்கள் பிள்ளைக்கு நாளைக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அது வரும்போது நல்ல மூட்டோடு நிற்க வேண்டும் என்பதற்காகவாவது இன்றைய டோஸைத் தவற விடாதீர்கள்.

படி 8: தசையும் பள்ளிக்கூடமும்

கசிவு அடங்கியதும், வலி குறைந்ததும், மூட்டை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை கரைந்து, தசை கரைந்த மூட்டில் மறுபடி கசியும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் முதல் பயிற்சி எளிது. முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அமுக்கி, பத்து எண்ணி விடுவது. நீச்சல் எங்களுக்கு வரப்பிரசாதம். நடை, சைக்கிள், இறகுப்பந்து நல்லது. கபடி, கால்பந்து, குத்துச்சண்டை வேண்டாம். எடை கூடாமல் பாருங்கள், ஒவ்வொரு கிலோவும் கணுக்காலுக்குச் சுமை, ஃபேக்டர் கணக்குக்கும் சுமை.

பள்ளியில் நோயை மறைக்காதீர்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பிள்ளையை அடிக்கக் கூடாது, கால் வலி என்றால் நம்ப வேண்டும், தலையில் அடிபட்டால் உடனே போன், இந்த நோய் தொற்றாது. நான் படித்த பள்ளியில் ஆறாவது முழுக்க பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். எயிட்ஸ் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

படி 9: அரசுக் காகிதங்கள்

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது, அவற்றில் ஹீமோபிலியாவும் ஒன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, ஃபேக்டர் அளவுச் சோதனை முடிவையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவ வாரியத்துக்குப் போங்கள். குறைபாடு 40 சதவீதமோ மேலோ என்று வந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் உள்ள 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில்தான் வயிற்றெரிச்சல். அதே சட்டத்தின் 34-வது பிரிவு தரும் 4 சதவீத வேலை ஒதுக்கீட்டில் ரத்த நோய்கள் சேர்க்கப்படவில்லை. மூட்டு கெட்டு நடக்க முடியாமல் போனால்தான் கை கால் குறைபாடு என்ற வகையில் நுழைய முடியும். மூட்டைக் காப்பாற்றிக்கொண்டவனுக்கு ஒதுக்கீடு இல்லை, கெடுத்துக்கொண்டவனுக்கு உண்டு!

படி 10: வீட்டுப் பெண்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்கு முக்கியத்துவம் குறைவு என்று பொருளில்லை. நோயைச் சொன்னதும் வீட்டில் முதல் பழி அம்மா மேல்தான் விழும். ஜீன் எக்ஸ் க்ரோமோசோமில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது யாரும் செய்த தப்பில்லை, புதிதாக வந்ததாகவும் இருக்கலாம்.

கணக்கு இப்படி. ஜீனைச் சுமக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயுள்ள ஆணின் மகள்கள் அத்தனை பேரும் சுமப்பவர்கள், மகன்கள் யாருக்கும் வராது. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயுள்ள மாமன் அக்கா மகளைக் கட்டும்போது, அந்தப் பெண்ணும் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கே ஹீமோபிலியா வரலாம். கல்யாணப் பேச்சு எழும் முன் சோதனை.

சுமப்பவர்களில் சிலருக்கு ஃபேக்டர் அளவே குறைவாக இருக்கும். மாதவிலக்கில் ஒரு வாரத்துக்கு மேல் கொட்டுவது, பிரசவத்துக்குப் பின் நிற்காமல் போவது இவற்றை "பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். பிள்ளையின் அக்கா தங்கைக்கும், அம்மாவுக்கும், சித்திக்கும் ஃபேக்டர் அளவும் ஜீன் சோதனையும் செய்துவையுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே குடும்பத்தின் ஜீன் மாற்றம் கண்டறியப்பட்டிருந்தால் மூன்றாவது மாத வாக்கிலேயே கருவைச் சோதித்துப் பார்க்க முடியும். பாலினம் சார்ந்து வரும் மரபு நோய்களுக்காக 1994-ன் சட்டமே அதற்கு அனுமதி தருகிறது. சோதிப்பதும் விடுவதும் அந்தத் தம்பதியின் முடிவு, மாமியாரின் முடிவல்ல. பிரசவத்தில் வாக்யூமும் ஆயுதமும் போடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். ஆண் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஃபேக்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு உடனே தெரிந்துவிடும். ஒன்பது பிறவியிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் குறைவாகத்தான் இருக்கும், லேசான பி வகை என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை விட்டமின் கே-யைத் தொடையில் ஊசியாகப் போடாமல் வாய்வழியாகத் தரச் சொல்லுங்கள். காது குத்துக்கு நாள் பார்ப்பதெல்லாம் அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு.